எங்கட வீட்டுக்கு வந்த கார்சியா

கார்சியா எண்ட பேரை நான் முதன்முதல் கண்டது ஒரு கம்பளிச் சட்டையின்ர கழுத்துப் பக்கத்தில. ஜெர்மனியில ஹம் எண்ட ஊரில ஒரு முதியோர் இல்லத்தில உடுப்புத் தோய்க்கிற பகுதியில நான் வேலை செய்யிறன். அங்க இருக்கிற கிழடுகட்டையளின்ர உடுப்பு எல்லாத்திலயும், சொக்ஸ் தொடக்கம் குளிர்ச்சட்டை வரைக்கும், பேர் போட்ட சின்னத் துணித்துண்டு ஒண்டைச் சூடு வைச்சு ஒட்டியிருக்கும். மெசின் தோய்க்கும், மெசின் காயவைக்கும். மடிச்சு, பேரைப் பாத்து, அவரவர் தட்டில கொண்டுபோய் வைக்கிறதுதான் என்ர சீவியம். கனபேரின்ர முகம் எனக்குத் தெரியாது. பேர் தெரியும், இடுப்பின்ர அளவு தெரியும்.

அந்த இல்லத்தில ரெண்டு கார்சியா இருந்தவை. சுரங்க வேலைக்கெண்டு அந்தக் காலத்தில ஸ்பெயினில இருந்து வந்து, இண்டைக்குப் போறன் நாளைக்குப் போறன் எண்டு சொல்லிச் சொல்லியே இஞ்ச கிழண்டிப் போன ஆக்கள். எங்கட சனத்தின்ர கதையும் அதுதானே. ஒருவர் நல்ல நெடுவல், மற்றவர் கட்டையான உருண்டை. நெடுவலின்ர காற்சட்டை கட்டையரின்ர அலுமாரிக்குப் போகும், கட்டையரின்ர பெனியன் நெடுவலிட்டப் போகும். பிறகு மேல்மாடியில இருந்து டெலிபோன் வரும். எல்லாம் என்ர பிழை எண்டமாதிரித்தான் கதைப்பினம். நானும் விடுற ஆள் இல்லை. ரெண்டு பேருக்கும் ஒரே பேரை ஒட்டிப்போட்டு என்னைச் சாத்திரம் பாக்கச் சொல்லுறியளோ எண்டு கேட்டன். ஜெர்மன் பாசையில சொல்லேக்க அது அவ்வளவு சூடா வரேல்லை. ஆனா கருத்து விளங்கியிருக்கும்.

அண்ணன் தம்பியாக்கும் எண்டுதான் நான் நினைச்சிருந்தன். காற்சட்டையைத் திருப்பிக் குடுக்கப் போன இடத்தில கட்டையரிட்டயே கேட்டன். மனுசன் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சார். ஒரு சொந்தமும் இல்லையாம், ஊர் கூட வேற வேறயாம். ஸ்பெயின் முழுக்கப் பாத்தால் ஆகக் கூடின சனத்துக்கு இருக்கிற குடும்பப் பேர் அதுதானாம். சந்தையில நிண்டு கார்சியா எண்டு கூப்பிட்டால் மீன் விக்கிறவளும் திரும்புவாள், மீன் வாங்கிறவளும் திரும்புவாள் எண்டார். நல்ல கதைதான். அவருக்குச் சிரிப்பு, எனக்கெல்லோ வேலை.

அந்தக் கோதாரியோட மூண்டாவதா ஒரு கார்சியா மனுசியும் வந்து சேர்ந்தா. அதுக்குப் பிறகுதான் இல்லத்துக்காரருக்குப் புத்தி வந்து, புதுத் துணித்துண்டு அடிப்பிச்சவை. ஸ்பெயின்காரருக்கு ஆளுக்கு ரெண்டு குடும்பப் பேர் இருக்குதெண்டு அப்பதான் எனக்குத் தெரியும். தகப்பன்ர பேர் முதல், தாயின்ர பேர் அடுத்தது. ரெண்டையும் போட்டு ஒட்டின பிறகு காற்சட்டைச் சண்டை ஓய்ஞ்சுது.

இப்பிடி நான் கார்சியாக்களோட மல்லுக்கட்டி ஒருமாதிரிக் கரையேறின நேரம் பாத்துத்தான், என்ர மகள் ஒரு கார்சியாவை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

எனக்கு அவள் ஒருத்திதான். இஞ்ச பிறந்து, இஞ்ச படிச்சு, ஆஸ்பத்திரியில நர்சா வேலை செய்யிறாள். பெடியனும் அதே ஆஸ்பத்திரியில எக்ஸ்றே எடுக்கிற இடத்தில வேலை. ஸ்பெயினில வேலை கிடைக்காமல் வந்தவன். முதல் நாள் சப்பாத்தைக் கழட்டி ஒழுங்கா வைச்சுப்போட்டு, மகள் சொல்லிக் குடுத்தபடி, "வணக்கம் மாமி" எண்டான். சோலி சுரட்டு இல்லாத பெடியன். வேதக்காரன், எங்களைப்போலக் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போறவன். நண்டுக் கறியைக் கையால உடைச்சுத் திண்டான். எனக்கு அவனில ஒரு குறையும் இல்லை. பேரைக் கேட்டாப் பிறகுதான் குசினிக்குள்ள போய்க் கொடுப்புக்குள்ள சிரிச்சன். உலகத்தில வேற பேரா இல்லை எண்டு நினைச்சன்.

அந்தச் சிரிப்பு கனநாள் நிக்கேல்லை. கலியாணத்தைப் பதியிறதுக்குக் கந்தோரில டெர்மின், அதுதான் நாள், எடுத்துக்கொண்டு வந்த அண்டைக்கு, மகள் தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டே சொன்னாள்.

"அம்மா, நான் கார்சியா எண்டு மாத்தப் போறன். என்ர இப்பத்தைய பேரை விடப் போறன்."

அவளின்ர இப்பத்தைய பேர் அவளின்ர தகப்பன்ர பேர். இதைக் கொஞ்சம் விளக்கமாச் சொல்லவேணும். எங்கட ஊரில குடும்பப் பேர் எண்டு ஒண்டு ஏது. தகப்பன்ர பேரை முன்னுக்குப் போடுவம், அடுத்த தலைமுறைக்கு அது போய் வேற ஒண்டு வரும். இந்த நாட்டுக்கு வந்தாப் பிறகு முன்னுக்கு இருந்ததெல்லாம் குடும்பப் பேராப் போச்சுது. அப்பிடிப் பாத்தால் இவருக்கு, அதுதான் என்ர மனுசனுக்கு, குடும்பப் பேர் அவரின்ர தகப்பன்ர பேர். கட்டின உரிமையில எனக்கும், பிறந்த உரிமையில மகளுக்கும் குடும்பப் பேர் இவரின்ர சொந்தப் பேர். ஒரு வீட்டுக்குள்ள மூண்டு பேர், கதவுக்கு வெளியில ரெண்டு பேர்ப்பலகை. மகள் சின்னனா இருக்கேக்க பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு இவர் போக, நீங்கள் பிள்ளையின்ர ரெண்டாந் தகப்பனோ எண்டு ரீச்சர் மரியாதையாக் கேட்டவவாம். வீட்டை வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சார். எனக்கு அப்ப கொதி வந்தது. அவருக்கு எல்லாம் பகிடி.

நான் அவரை ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கட பக்கத்தில ஆர் கூப்பிட்டது. இஞ்சருங்கோ எண்டுவன், பிள்ளையின்ர அப்பா எண்டுவன். ஆனா இந்த நாட்டில டெலிபோனை எடுத்தால் ஹலோ எண்டால் காணாது, குடும்பப் பேரைச் சொல்லவேணும். என்ர குடும்பப் பேரோ அவரின்ர பேர். முதல் தரம் மணி அடிக்கேக்க நான் அதைத் தூக்கி அவற்ற கையில குடுக்கப் பாத்தன். மனுசன் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு நிண்டார்.

"சொல்லும், சொல்லும். உம்மட வாயால ஒருக்காக் கேப்பம்" எண்டார்.

வெக்கம் பிடுங்கித் திண்டுது. சொல்லிப்போட்டு முகத்தை மூடினன். பேந்து அது பழகிப் போச்சுது. வேலையிடத்தில எல்லாரும் என்னை ஃப்ராவ், அதுதான் திருமதி, எண்டு போட்டு அந்தப் பேராலதான் கூப்பிடுகினம். டொக்டரிட்டப் போனாலும், பாங்கில நிண்டாலும் அதுதான்.

போன மாரிக்கு முதல் மாரி இவர் எங்களை விட்டுப் போட்டார். நெஞ்சு நோ எண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரேல்லை. நான் அந்த நேரம் வேலையில. மகள்தான் அங்க நிண்டவள். அதுக்குப் பிறகு எனக்கு அந்தப் பேர் ஆறுதலாப் போச்சுது. காலமை வேலைக்குப் போனால் ஒரு ஜெர்மன்காரி அவரின்ர பேரைச் சொல்லி எனக்குக் காலை வணக்கம் சொல்லுறாள். இடைவேளையில ஒரு துருக்கிக்காரி அவரின்ர பேரைச் சொல்லிக் கோப்பி வேணுமோ எண்டு கேக்கிறாள். அவையளுக்கு அது ஒரு பேர். எனக்கு மனுசன் நாள் முழுக்க எனக்குப் பக்கத்தில நிக்கிறமாதிரி. மகளையும் ஆஸ்பத்திரியில அப்பிடித்தானே கூப்பிடுகினம் எண்டு நினைச்சு நினைச்சுச் சந்தோசப்படுவன்.

இப்ப அவள் அதை விடப்போறாளாம்.

"என்னத்துக்கு?" எண்டு கேட்டன்.

"லேசா இருக்கும் அம்மா. ஒவ்வொரு இடத்திலயும் எழுத்தெழுத்தாச் சொல்லிக்கொண்டு நிக்கத் தேவையில்லை. கார்சியா எண்டால் எல்லாருக்கும் தெரியும்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "போயும் போயும் கார்சியாவோ? எங்கட இல்லத்தில மூண்டு பேர் இருக்கினம், காற்சட்டை ஆற்றையெண்டு தெரியாமல். உந்தக் கண்டறியாத லேசுக்காண்டித் தகப்பன்ர பேரைத் தூக்கி எறியப்போறியோ?" எண்டு கேட்டுப்போட்டன்.

அவள் சத்தம் போடேல்லை. கோப்பையை மேசையில வைச்சுப்போட்டு, "நீங்களும் அம்மப்பான்ர பேரை விட்டுட்டுத்தானே அப்பான்ர பேரை எடுத்தனீங்கள்?" எண்டாள்.

உண்மைதானே. ஊரில எண்டாலும் கட்டினாப் பிறகு அவள் தன்ர புருசன்ர பேரைத்தான் எடுத்திருப்பாள், ஒருத்தரும் ஒண்டும் கேட்டிருக்க மாட்டினம். எனக்கு நியாயம் இல்லையெண்டு எனக்கே தெரியும். நியாயம் இல்லையெண்டு தெரிஞ்சாப்போல கொதி அடங்குமோ. ரெண்டு நாள் அவளோட முகங்குடுத்துக் கதைக்காமல் திரிஞ்சன். சட்டி பானையளோடதான் கதைச்சன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெடியன் வந்தான். வீட்டுக்குள்ள காத்துச் சரியில்லையெண்டு அவனுக்கு விளங்கிப்போச்சு. என்னைக் குளிர்மைப்படுத்திறதுக்கு எண்டு நினைக்கிறன், தன்ர பேரைப் பற்றித் தானாவே கதைக்கத் தொடங்கினான். கார்சியா எண்டது ஆதியில குடும்பப் பேரே இல்லையாம். ஒரு ஆளின்ர சொந்தப் பேராம், ஆம்பிளைப் பிள்ளையளுக்கு வைக்கிற பேர். வடக்குப் பக்கத்து மலையளில, இப்பத்தைய ஸ்பானியப் பாசைக்கு முந்தியே இருந்த ஒரு பாசையில இருந்து வந்ததாம். சிலபேர் கரடி எண்டு கருத்துச் சொல்லுகினமாம், சிலபேர் இளந்தாரி எண்டு சொல்லுகினமாம், சரியா ஒருத்தருக்கும் தெரியாதாம். ராசாக்களுக்கும் அந்தப் பேர் இருந்ததாம். தகப்பன் கார்சியா எண்டால் மகனுக்குப் பின்னால அதைப் போட்டுக் கூப்பிட்டிருக்கினம். ஒரு கட்டத்தில அது கழண்டு போகாமல் அப்பிடியே ஒட்டிக்கொண்டுதாம். ஸ்பெயினில கனக்கப் பேருக்கு இதுதான் கதையாம்.

"கரடிதான் சரி" எண்டு மகள் அவன்ர தாடியைப் பாத்துச் சொன்னாள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனா சிரிக்கேல்லை. நான் வேற யோசினையில இருந்தன்.

அப்ப அதுவும் ஆரோ ஒரு தகப்பன்ர பேர்தானே. எந்தக் காலத்திலயோ எந்த மலையிலயோ கார்சியா எண்டு ஒரு மனுசன் இருந்திருக்கிறான். அவனுக்கு ஒரு பெண்சாதி இருந்திருப்பாள். அவன் செத்தாப் பிறகும் பிள்ளையள் அவன்ர பேரை விடேல்லை. விடாதபடியால்தானே இண்டைக்கு ஒரு நாடு முழுக்க அவன்ர பேராக் கிடக்கு, என்ர தட்டு முழுக்க அவன்ர காற்சட்டையாக் கிடக்கு. எங்கட மனுசன்ர பேரும் அதேமாதிரி இந்த நாட்டில ஒட்டிக்கொண்டு நிக்குது. என்னோடயும் மகளோடயும் தொடங்கியிருக்கு. மகள் விட்டால் அதோட சரி. எனக்குப் பிறகு அதைச் சொல்ல ஆள் இல்லை.

பெடியன் நல்லவன். "மாமி, ரெண்டு பேரையும் நடுவில கோடு போட்டு எழுதலாம். எங்களுக்கு ரெண்டு பேர் பழக்கம்தானே. இப்ப இஞ்சத்தைய சட்டமும் விடுது" எண்டான். எனக்கு உயிர் வந்தது. சொல்லு பிள்ளை எண்டு மகளைப் பாத்தன்.

"ஏலாது" எண்டாள். அவ்வளவுதான். எழும்பி உள்ள போட்டாள்.

எனக்கு அண்டைக்கு அவளில வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. கோடு போட்டு எழுதுறதுக்குக் கூட என்ர மனுசன்ர பேர் உனக்குப் பாரமாப் போச்சோ எண்டு மனசுக்குள்ள கேட்டன். வாய் திறந்து கேட்கேல்லை, பெடியன் இருந்தபடியால்.

கலியாணத்துக்கு முதல் கிழமை பெடியன்ர தாய் ஸ்பெயினில இருந்து வந்தா. தகப்பனுக்குக் கால் ஏலாது, பிளேனில வரமாட்டார். நான் மனசுக்குள்ள அந்த மனுசியோட சண்டைக்கு ஆயத்தமாத்தான் இருந்தன். எங்கட குடும்பத்துக்கு வாற பெட்டை எங்கட பேரைத்தான் எடுக்கவேணும் எண்டு அவதான் சொல்லிக் குடுத்திருப்பா எண்டு ஒரு எண்ணம். மாமிமாரை எனக்குத் தெரியாதோ. ஆனா கதவைத் திறந்தால், என்ர உயரந்தான் இருந்தா, கையில பெரிய ஒலிவ் எண்ணெய்த் தகரம். உள்ள வந்த உடன என்னைக் கட்டிப்பிடிச்சு ரெண்டு கன்னத்திலயும் கொஞ்சினா. அதோட என்ர சண்டையில பாதி போட்டுது.

மத்தியானம் நாங்கள் நாலு பேரும் சாப்பிட இருந்தம். இடியப்பம், சொதி, மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல். மனுசி இடியப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தா, பிறகு நல்லாத் திண்டா. அவவுக்கு ஜெர்மன் தெரியாது, எனக்கு ஸ்பானியம் தெரியாது. பெடியன்தான் நடுவில நிண்டு சொன்னவன். கதையோட கதையா, கலியாணத்துக்குப் பிறகு உனக்கு என்ன பேர் எண்டு மனுசி மகளிட்டக் கேட்டா.

"கார்சியா" எண்டாள் மகள். "உங்கட பேர்."

மனுசி கரண்டியை வைச்சா. அவவின்ர முகத்தில ஒரு குழப்பம். தாயும் மகனும் தங்கட பாசையில என்னவோ கதைச்சவை. நான் பொறுக்கேலாமல், என்னவாம் எண்டு கேட்டன்.

"அம்மா கேக்கிறா, ஏன் எண்டு" எண்டான் பெடியன். "எங்கட நாட்டில பொம்பிளையள் கலியாணம் முடிச்சாலும் பேரை மாத்திறதில்லை மாமி. பிறந்த பேர்தான் சாகுமட்டும்."

"அப்ப அவவும் கார்சியாதானே? உன்ர அப்பான்ர பேர்தானே அது?"

பெடியன் சிரிச்சான். அதை அவன் தாய்க்குச் சொல்ல, மனுசி நெஞ்சில கையை வைச்சுக்கொண்டு பொரிஞ்சு தள்ளத் தொடங்கினா. அவன் சொல்லிச் சொல்லி வந்தான். அவவின்ர கார்சியா புருசன்ர கார்சியா இல்லையாம். அது அவவின்ர அப்பான்ர கார்சியாவாம். கட்டின மனுசனும் தற்செயலா ஒரு கார்சியாவாப் போனார், அவ்வளவுதானாம். அதால பெடியன்ர முழுப் பேர் கார்சியா கார்சியா. அங்க அப்பிடிக் கனபேர் இருக்கினமாம். ஆனா ஊருக்கு வாற வெளிநாட்டுக்காரர் எல்லாரும் அவ புருசன்ர பேரைப் போட்டுக்கொண்டு திரியிறா எண்டுதான் நினைக்கினமாம். அவவுக்கு அது ஆயுளுக்கும் கொதியாம். இல்லை, இது என்ர அப்பா தந்த பேர் எண்டு சொல்லிச் சொல்லியே களைச்சுப் போனாவாம்.

சொல்லி முடிச்சுப்போட்டு மகளின்ர கையைப் பிடிச்சு, மெல்லமா ஒண்டு கேட்டா. பெடியன் அதைச் சொல்லத் தயங்கினான்.

"சொல்லு" எண்டன்.

"உனக்கும் அப்பான்ர பேர் இருக்குத்தானே, அவரோட ஏதும் கோவமோ எண்டு அம்மா கேக்கிறா."

மகள் மனுசியின்ர கையில இருந்து தன்ர கையை எடுத்தாள். எழும்பிக் குசினிக்குள்ள போட்டாள். தண்ணி திறக்கிற சத்தம் கேட்டுது.

நானும் பின்னால போனன். இத்தனை நாளும் அடக்கி வைச்சதை இண்டைக்குக் கேட்கிறதுதான் எண்டு போனன். அவள் தண்ணியைத் திறந்து விட்டுட்டுக் கையைக்கூடக் கழுவாமல் நிண்டாள். எனக்கு எல்லாம் மறந்து போச்சு.

"என்ன பிள்ளை?" எண்டன்.

அவள் திரும்பாமலே சொன்னாள். "அப்பா செத்த அண்டைக்கு நான் வெளியில கதிரையில இருந்தனான் அம்மா. அந்த டொக்டருக்கு என்னைத் தெரியாது, வேற பகுதி ஆள். கதவைத் திறந்துகொண்டு வந்து என்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஃப்ராவ் எண்டு சொல்லி, அப்பான்ர பேரைச் சொன்னார். நான் எழும்பினன். அப்பான்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டு வைச்சுத்தான் அப்பா இல்லையெண்டு எனக்குச் சொன்னவை."

நான் தண்ணியைப் பூட்டினன்.

"நானும் ஆஸ்பத்திரியிலதானே வேலை. ஒரு நாளைக்கு எத்தினை தரம் கூப்பிடுகினம். ஒவ்வொருக்காலும் அந்தக் கதவுதான் திறக்கிறமாதிரி. பிறகுதான் ஆரோ தண்ணி கேக்கினம், ஆரோ குளிசை கேக்கினம் எண்டு விளங்கும். நான் அப்பாவை வேண்டாமெண்டு விடேல்லை அம்மா. எனக்கு ஏலாமக் கிடக்கு."

"இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"உங்களுக்கு அது ஆறுதல் எண்டு தெரியும். பேந்து எப்பிடிச் சொல்லுறது."

நான் அவளைக் கட்டிப்பிடிச்சன். ரெண்டு பேரும் அழுதம். எனக்குத் தேனா இருந்தது இந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் நெருப்பா இருந்திருக்கு. ஒரே பேர், ஒரே வீடு, பக்கத்துப் பக்கத்து அறையில படுத்து எழும்பியிருக்கிறம். எனக்குத் தெரியேல்லை. அவளும் தெரியாமல் பாத்துக்கொண்டாள். இந்த எழுத்தெழுத்தாச் சொல்லுற கதையெல்லாம் எனக்காகச் சோடிச்ச கதை.

முகத்தைக் கழுவிக்கொண்டு நான்தான் முதல்ல வெளியில வந்தன். மனுசியும் மகனும் சாப்பிடாமல் அப்பிடியே இருந்தவை. மனுசிக்குத் தான் ஏதோ பிழையாக் கேட்டுப்போட்டன் எண்டு அந்தரம். நான் அவவுக்குப் பக்கத்துக் கதிரையை இழுத்து இருந்தன். என்ன சொல்லப் போறன் எண்டு எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

"தம்பி, நான் சொல்லுறதை அப்பிடியே அம்மாவுக்குச் சொல்லு" எண்டன். "இவளுக்குத் தகப்பனோட ஒரு கோவமும் இல்லை. தகப்பன்ர பேரைத் தூக்கிறதுக்கு இப்ப இவளுக்குச் சத்தியில்லை. அவர் போனது இன்னும் ஆறேல்லை. அவள் கார்சியா எண்டு எடுக்கட்டும். ஆனா உன்ர அப்பான்ர கார்சியா வேண்டாம். அம்மான்ர அப்பான்ர கார்சியாவை அவளுக்குத் தரச் சொல்லு. என்ர பிள்ளை ஒரு தகப்பன்ர பேரை விட்டுட்டு வாறாள். இன்னொரு தகப்பன்ர பேரா இருக்கட்டும்."

பெடியன் தாயின்ர பக்கம் திரும்பினான். பிறகு சொன்னான். மெல்ல, ஒரு சொல்லும் விடாமல் சொன்னான் எண்டு நினைக்கிறன், ஏனெண்டால் மனுசியின்ர கண் சொல்லுக்குச் சொல் நிறைஞ்சுகொண்டு வந்தது.

பிறகு அவ தன்ர கதையைச் சொன்னா. அவவின்ர அப்பா வடக்கில ஒரு சின்ன ஊரில பஸ் ஓடினவராம். அதிகம் கதைக்க மாட்டாராம், வாயைக் குவிச்சுச் சீக்காய் அடிப்பாராம். பெண்பிள்ளை இவ ஒருத்திதானாம், ஆம்பிளைப் பிள்ளை இல்லையாம். தங்கட நாட்டில தாயின்ர பேர் பிள்ளைக்கு ரெண்டாவதா வரும், பேரப்பிள்ளைக்குப் போறது முதல் பேர் மட்டுந்தானாம். அதால பெடியனுக்குப் பிறகு பிறக்கிற பிள்ளைக்கு வாற கார்சியா புருசன்ர கார்சியாவாம். தன்ர அப்பான்ர கார்சியா தன்ர மகனோட முடியுதாம். ரெண்டும் ஒரே எழுத்து எண்டபடியால் அது முடியிறது ஒருத்தரின்ர கண்ணுக்கும் தெரியாது, தனக்கு மட்டும் தெரியும் எண்டா. இதை இதுவரைக்கும் ஒருத்தருக்கும் சொன்னதில்லையாம், சொன்னால் சிரிப்பினம் எண்டு.

மகன்தான் இதையும் எங்களுக்குச் சொன்னவன். அவனுக்கும் அண்டைக்குத்தான் தெரியும்.

மகள் குசினி வாசலில வந்து நிண்டாள். மனுசி எழும்பிப் போய் அவளின்ர முகத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சு ஒரு சின்ன வசனம் சொன்னா. பெடியன் அதைச் சொல்லேல்லை, நானும் கேட்கேல்லை. அப்பான்ர பேரை அவளுக்குக் குடுத்திட்டா எண்டு விளங்கிச்சுது.

பிறகு இடியப்பத்தைத் திருப்பிச் சூடாக்கிச் சாப்பிட்டம். சொதியில ஒலிவ் எண்ணெயை விட்டுப் பாப்பம் எண்டு மனுசி நிண்டா. எனக்குப் பிடிக்கேல்லை, நல்லாயிருக்கெண்டு சொன்னன்.

கந்தோரில பதியிறது காலமை. கையெழுத்து வைச்சு முடிய, அந்த உத்தியோகத்தர் மனுசி எழும்பி, "வாழ்த்துக்கள், ஃப்ராவ் கார்சியா" எண்டு கையை நீட்டினா. மகள் தன்ர மாமியைத்தான் கூப்பிடுகினம் எண்டு பின்னால திரும்பிப் பாத்தாள். மாமி விரலால அவளையே காட்டினா. எல்லாரும் சிரிச்சம். எனக்கு நெஞ்சுக்குள்ள ஒருக்காப் பிடுங்கிச்சுதுதான், இல்லையெண்டு சொல்ல மாட்டன். கோயிலில பூசை, விருந்து, படம் எடுக்கிறது எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. மாமிமார் ரெண்டு பேரும் ஒரே மேசையில இருந்து, ஒரு பாசையும் இல்லாமல் பின்னேரம் வரைக்கும் கதைச்சம்.

அவள் லீவு முடிஞ்சு வேலைக்குப் போன முதல் நாள், மத்தியானம் எனக்கு டெலிபோன் எடுத்தாள். நான் மடிச்ச உடுப்புகளை வண்டிலில அடுக்கிக்கொண்டு நிண்டனான்.

"அம்மா, காலமை தொடக்கம் என்னைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கினம்" எண்டாள். "எனக்கு ஒண்டும் செய்யேல்லை. கூப்பிட்ட உடன போறன், வாறன். அவ்வளவுதான்."

"நல்லது பிள்ளை" எண்டன். "சாப்பிட்டனியோ?"

"ஓம் அம்மா."

போனை வைச்சுப்போட்டு மிச்ச உடுப்பையும் வண்டிலில அடுக்கினன். அந்த நேரம் பாத்து மேல்மாடியில இருந்து ஆரோ என்ர மனுசன்ர பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டினம். வாறன் எண்டு சொல்லிப்போட்டு வண்டிலைத் தள்ளிக்கொண்டு போனன். இனி இந்த நாட்டில அந்தப் பேருக்குத் திரும்பிப் பாக்கிறது நான் ஒருத்திதான். எனக்கு அது ஏலும்.